ஜான்சி கையில் நிற்காத கம்பி

நொச்சிக்குப்பத்து ஜான்சியிடம் மீன் வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுமையோடு போக வேண்டும். மீனைப் பற்றி நாம் ஒரு கேள்வி கேட்டால் அவள் நம்மை நாலு கேள்வி கேட்பாள். குழம்பா வறுவலா, புளி ஊற்றுவீர்களா மாங்காய் போடுவீர்களா, வீட்டில் சின்னப் பிள்ளை உண்டா என்று துருவித் துருவி விசாரித்துவிட்டுத்தான் தராசில் கை வைப்பாள். மயிலாப்பூர்ப் பக்கத்து அவசரக்காரர்கள் பொறுக்காமல் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவார்கள். நகரட்டும். ஒரு விஷயத்தை ஏன் என்று கேட்காமல் விட்டால் அவளுக்குச் சோறு இறங்காது, அது அவள் சுபாவம்.

வயது நாற்பத்திரண்டு. புருஷன் ராபர்ட் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவன். காலையில் லூப் ரோடு மார்க்கெட்டில் மீன், சாயங்காலம் கிட்டார். ஆமாம், கிட்டார்தான். இதைக் கேட்டு வாயைப் பிளக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்துவிட்டது, நீங்களும் பிளக்க வேண்டாம்.

அந்தக் கிட்டார் சுனாமிக்குப் பிறகு வந்தது. உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ நிவாரணப் பெட்டிகள் வந்து இறங்கின. அதில் பாதி கம்பளி ஸ்வெட்டர். நம் ஊர் வெயிலில் ஸ்வெட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று குப்பமே முழித்தது. அந்த ஸ்வெட்டர் குவியலுக்குள் யாரோ ஒரு புண்ணியவான் கிட்டார் ஒன்றையும் போட்டு அனுப்பியிருந்தான், ஐந்தே கம்பியோடு. யாரும் சீண்டவில்லை. இருபத்தொரு வயது ஜான்சி எடுத்துப் போய், இல்லாத ஆறாவது கம்பிக்குப் பதிலாகத் தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டினாள். மற்ற ஐந்தும் பேசின, நரம்பு மட்டும் டொப் டொப் என்றது. அதையும் இழுத்துத்தானே கட்டியிருக்கிறது, அது ஏன் பேசவில்லை? இந்தக் கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டு இருபது வருஷம் ஆகிறது. நிவாரண வேலைக்கு வந்த ஒரு கன்னியாஸ்திரி சிஸ்டரிடம், நாலைந்து கம்பியைச் சேர்த்து அழுத்தி மீட்டுகிற கார்டு நாலு கற்றுக்கொண்டாள், கையில் போன் வந்ததும் மீதியைப் போனைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள்.

பதினோரு வருஷமாகக் குப்பத்து மாதா கோயில் பாடற்குழுவில் வாசிக்கிறாள். குழுவை நடத்துகிற ஏசுராஜ், மந்தைவெளியில் இருக்கும் பேங்க் அதிகாரி. நல்ல மனுஷன்தான், ஆனால் காது விஷயத்தில் இரக்கம் பார்க்க மாட்டார். இந்த வருஷம் திருவிழாப் பூசையில், எல்லாரும் நன்மை அப்பம் வாங்கி முடித்ததும் பாடுகிற நன்றிப் பாட்டைக் கிட்டார் மட்டும் தனியாகத் தொடங்க வேண்டும் என்று அவரேதான் முடிவு செய்தார். முதல் சரணம் முழுக்கக் குரல் கிடையாது, மேளம் கிடையாது, ஜான்சி மட்டும். பதினோரு வருஷத்தில் அவளுக்கு இப்படி ஓர் இடம் கிடைத்ததே இல்லை. திருவிழாவுக்கு ஏழு நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் அவள் அந்தச் சரணத்தை வாசித்து முடித்தாள். ஏசுராஜ் கிட்டார்ப் பக்கம் குனிந்து கம்பிகளைப் பார்த்தார்.

"போன வாரம்தான ஜான்சி கம்பி மாத்தின?"

"ஆமா சார். புதன்கெழம. நாலு நாள்தான் ஆவுது."

"செத்துப்போச்சே. தகரத்தைத் தட்டுற மாதிரி இருக்கு."

அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. போட்ட அன்றைக்கு ஜோராகப் பேசும், மறுநாள் தொண்டை கட்டும், நாலாம் நாள் பிணம். வருஷக்கணக்காக இதே கதை. கடல் காற்று என்று எல்லாரும் சொன்னார்கள், அவளும் அப்படியே நம்பியிருந்தாள்.

ஏசுராஜ் சுவரோரம் துணி போர்த்தி வைத்திருந்த புதுக் கீபோர்டைப் பார்த்தார். துபாயில் வேலை பார்க்கும் ஒருவர் காணிக்கையாகக் கொடுத்தது. "இப்பவே சொல்லிடறேன். சனிக்கிழமை தேர் அலங்காரம், ஒத்திகை கிடையாது. பூசைக்கு முன்னாடி ஒரு தடவை வாசிச்சுக் காட்டு. இதே சத்தம்னா அந்தப் பாட்டைக் கீபோர்டுல எடுத்துக்கறேன். அப்புறம் எல்லாப் பாட்டுக்கும் கீபோர்டே இருந்துட்டுப் போகட்டும். வருத்தப்படாத."

வருத்தப்படாமல் என்ன செய்வாள்? ஆனால் ஜான்சிக்கு வருத்தம் வந்தால் கூடவே கேள்வியும் வந்துவிடும். எல்லாருடைய கம்பியும் இரண்டு மாதம், மூன்று மாதம் உழைக்கிறது. தன்னுடையது மட்டும் ஏன் நாலு நாளில் சாகிறது?

திங்கட்கிழமை மீன் தீர்ந்த கையோடு செத்த கம்பிகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுருட்டிப் போட்டுக்கொண்டு, கிட்டாரைத் தோளில் மாட்டி, பட்டினப்பாக்கத்தில் பஸ் ஏறிப் பனகல் பார்க்கில் இறங்கினாள். உஸ்மான் ரோட்டை ஒட்டிய சந்தில், ஜவுளிக் கடை ஒன்றின் மாடியில் உமர் ஃபாரூக்கின் கிட்டார் கடை இருந்தது. இத்தனை நாளும் மயிலாப்பூரில் ஒரு ஃபேன்சி கடையில், கடைக்காரன் எடுத்துக் கொடுத்ததை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தவள் அவள். மீனில் அப்படி வாங்குகிறவர்களைக் கண்டால் அவளே திட்டுவாள்.

ஃபாரூக்குக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். "வாங்கக்கா, பையனுக்கா?" என்றான்.

"எனக்குத்தான்."

அவன் ஒரு நிமிஷம் அவள் கையைப் பார்த்தான், கிட்டாரைப் பார்த்தான், ஸ்டூலை இழுத்துப் போட்டான். பிறகு கேட்க ஆரம்பித்தான். விரலால் வாசிக்கிறீர்களா, பிக் வில்லையாலா? கூடப் பாடுகிறவர்கள் எத்தனை பேர்? மைக் உண்டா? வேகமான பாட்டா, மெதுவானதா? ஜான்சிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. தான் மீன் விற்கிற மாதிரியே கம்பி விற்கிற ஒருத்தன் இந்த ஊரில் இருக்கிறான்.

"பெரிய பாடி கிட்டாருக்கா இது, சத்தம் தானா வரும். விரல்ல வாசிக்கறதுக்குத் தடி ஸ்ட்ரிங் வேணாம், லைட்டா போட்டுக்கலாம். வெங்கலத்துல ரெண்டு மூணு வகை இருக்கு, ஒண்ணொண்ணா வாசிக்கறேன், பாருங்க."

"பாக்க மாட்டேன்" என்று ஜான்சி ஸ்டூலோடு திரும்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். "பாத்தா ஏமாந்துடுவேன். ஐஸ் தண்ணி தெளிச்சா நேத்து மீனும் பளபளன்னுதான் கீது. நீ வாசி நைனா, நான் கேக்கறேன்."

சுவரில் மாட்டியிருந்த கிட்டார்களில் ஒன்றை எடுத்து ஃபாரூக் ஒரு கார்டைக் கம்பி கம்பியாகப் பிரித்து வாசித்தான். கிட்டார்க்காரர்கள் சாதாரண வெங்கலம் என்று சொல்வது, செம்பும் துத்தநாகமும் கலந்தது. கணீரென்று தெறித்தது.

"இது நெத்திலி வறுவல்" என்றாள் சுவரிடம். "மொறுமொறுன்னு கீது. ஆனா வாயில போட்டதும் தீந்துடுது. குத்துப்பாட்டுக்கு ஆவும்."

ஃபாரூக் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்ததை எடுத்தான். எஃகுக் கம்பிமேல் பட்டு சுற்றி அதற்குமேல் உலோகம் சுற்றியது, மிருதுவானது.

"இது கஞ்சி. ஒடம்பு முடியாதவங்களுக்கு. கோயில்ல பின்னாடி நிக்கறவங்களுக்கு இது போய்ச் சேராது."

மூன்றாவது பாஸ்பர் வெங்கலம், துளி பாஸ்பரஸ் சேர்த்தது. அதிலும் இரண்டு மூன்று நாள் வாசித்துப் படிந்த கம்பி. ஓசை எழுந்தது, எழுந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது, பிறகுதான் இறங்கியது. "இன்னொரு தபா வாசி" என்றாள். அவன் வாசித்தான். "இதான். மறுநாள் வஞ்சிரக் கொழம்பு. இது புதுசுல இப்பிடி இருக்காது, இல்ல?"

ஃபாரூக் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டான். "எப்பிடிக்கா கண்டுபிடிச்சீங்க? புதுசுல கொஞ்சம் கீச்சுனு இருக்கும், ரெண்டு நாள் போனாதான் படியும். அப்ப திருவிழா ஞாயித்துக்கிழமைன்னா வெள்ளிக்கிழமை போட்டுருங்க."

"எனக்கு ரெண்டாம் நாளே தொண்ட கட்டிடுமே" என்று சொல்லி ஜான்சி கவரை அவிழ்த்துக் கொட்டினாள்.

அவன் அந்தக் கம்பிகளை மேசை விளக்கின் கீழே நீட்டிப் பிடித்தான். தடிக் கம்பிகளில் ஒரு பக்கம் பச்சைப் பாசி பிடித்தாற்போல இருந்தது. "மேல சுத்தியிருக்கற வெங்கலத்துல சின்னச் சின்னப் பள்ளம் இருக்குல்ல, அதுல அழுக்கோ களிம்போ ஏறிட்டா கம்பி ஆடாது, சத்தம் செத்துடும்."

"கடக்காத்துதான?"

"இல்லக்கா. காத்துன்னா கம்பி பூரா ஒரே மாதிரி கெடணும். இங்க பாருங்க, இடது கை அழுத்தற முதல் மூணு கட்டத்துல பச்சை. வலது கை மீட்டற இடத்துல பச்சை. நடுவுல புதுசு மாதிரி இருக்கு. உங்க கையிலதான் என்னவோ இருக்கு."

ஜான்சிக்கு முகம் சுருங்கிவிட்டது. கையில் என்ன இருக்கும்? இருபது வருஷத்து மீன் இருக்கும். ஃபாரூக் அதைக் கவனித்தானோ என்னவோ, சிலருக்கு வியர்வையே அப்படி, மேலே மெல்லிய பூச்சு கொடுத்த கம்பி இருக்கிறது, கையழுக்கு தாங்கும் என்று வாசித்துக் காட்டினான். கேட்டாள். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கையுறை போட்டுக்கொண்டு கன்னத்தைத் தொடுகிற மாதிரி இருந்தது. வேண்டாம் என்று சொல்லி, பாஸ்பர் வெங்கலத்தில் ஒரே ஒரு செட் வாங்கிக்கொண்டாள். வாங்கினாளே தவிர, போடவில்லை. கையில் இருப்பது என்னவென்று தெரியாமல் போட்டால் இதுவும் நாலு நாளில் சாகும்.

வீட்டுக்கு வந்ததும் பழைய கம்பியில் கெடாமல் இருந்த நடுப்பகுதியை மூன்று துண்டாக வெட்டினாள். கடலைப் பார்த்த ஜன்னல் கம்பியில் மூன்றையும் கட்டினாள். முதல் துண்டைத் தொடவே இல்லை, அது கடல் காற்றுக்கு. இரண்டாவது துண்டை, மீன் விற்று வந்து சோப்புப் போட்டுக் கழுவிய கையால் தினமும் உருவினாள். மூன்றாவதை, ஒத்திகைக்குப் போகும்போது கை எப்படி இருக்குமோ அப்படி ஆக்கிக்கொண்டு உருவினாள்.

ஒத்திகைக்குப் போகும்போது கை எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டும். பதினோரு வருஷத்துக்கு முன்னால், பாடற்குழுவில் அவளுடைய முதல் நாள். மார்க்கெட்டிலிருந்து நேராகப் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஏசுராஜ். கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார், நாற்காலியை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டார், மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பினார். அவ்வளவுதான் நடந்தது. ஜான்சிக்குக் காது மடல் வரை எரிந்தது. அன்றிலிருந்து கிட்டாரைத் தொடுவதற்கு முன்னால் எலுமிச்சை மூடியில் கல்லுப்பைத் தொட்டு, விரல் விரலாக, நகக்கண் வரை தேய்ப்பாள். சோப்புக்கு அசையாத கவுச்சி அதற்கு அடங்கும். துணியில் ஒற்றிக்கொண்டு அப்படியே போய் வாசிப்பாள். ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

செவ்வாய்க்கிழமை கடலிலிருந்து வந்த ராபர்ட் ஜன்னலைப் பார்த்தான்.

"இன்னாமே, கம்பியில கருவாடு போட்டுக்கினு கீற?"

"கிட்ட வராத. தொட்டுடப் போற."

"சரிதான். ஊரே மீனைக் காயவைக்குது, என் பொண்டாட்டி கம்பியைக் காயவைக்கிறா" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஜான்சி மூன்றையும் அவிழ்த்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். காற்றுத் துண்டு லேசாக மங்கியிருந்தது. மீன் கை பட்ட துண்டு அதைவிடக் கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். எலுமிச்சைத் துண்டில் பச்சைக் களிம்பு பூத்துப் பள்ளமெல்லாம் அடைத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாடற்குழுவில் சேர்வதற்கு முன்னால் வீட்டில் வாசித்த காலத்தில் ஒரு செட் கம்பி நாலைந்து மாதம் வந்தது அவளுக்கு இப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. அப்போதெல்லாம் கம்பி நல்ல கம்பி, இப்போது வருவது மட்டம் என்று கடைக்காரனை எத்தனை தடவை ஏசியிருக்கிறாள். மீன் கெடுக்கவில்லை, கடல் கெடுக்கவில்லை. வெட்கம் கெடுத்திருக்கிறது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை, அழுகையும் வந்தது.

ராபர்ட் பதறிப்போய் வந்தான், விஷயத்தைக் கேட்டான், சுலபமாக ஒரு வழி சொன்னான். "எலுமிச்ச தேச்சிட்டு அது மேல சோப்புப் போட்டுக் கழுவிடு. தீந்துது."

அவளுக்கும் அது தோன்றாமலில்லை. உடனே செய்து பார்த்தாள். சோப்பு எலுமிச்சையை அடித்துக்கொண்டு போனது, கவுச்சியைப் பத்திரமாக விட்டுவிட்டுப் போனது. ஐஸிலும் முள்ளிலும் வெடித்த விரல்கள் அவை, வெடிப்புக்குள் இருப்பதை யாரால் துரத்த முடியும்? ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்துக்கு லீவு போடலாம் என்றால், வாரத்தில் கை நிறைய விற்கிற நாளே அதுதான். தவிர, ஒரு நாள் லீவில் போகிற வாசனையும் இல்லை அது.

வெள்ளிக்கிழமை புதுக் கம்பிகளை மாட்டினாள். வெறும் சோப்புக் கையோடு வெள்ளியும் சனியும் வாசித்தாள். வெள்ளிக்கிழமை கொஞ்சம் கீச்சிட்டது. சனிக்கிழமை இரவு படிந்தது. ஃபாரூக் கடையில் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்ட அதே ஓசை அவள் வீட்டுக்குள் நின்றது. ராபர்ட் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டிலிருந்து வரும்போது, பழக்க தோஷம், ஓர் எலுமிச்சம்பழத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். வீட்டில் குளித்தாள், பட்டுப் புடவை கட்டினாள், பூ வைத்தாள், கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி முகர்ந்தாள். கவுச்சி இருந்தது. பழத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

கோயிலில் கூட்டம் நெரிந்தது. பாடற்குழுவுக்கு வழக்கமான இடத்தில் பாதிதான் கிடைத்தது, நாற்காலிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஏசுராஜ் பீடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வாசித்துக் காட்டு என்று கை காட்டினார். மைக்கில் ஒரு கார்டு பிரித்தாள். ஏசுராஜின் புருவம் ஏறியது, சரி என்று தலையசைத்தார். அங்கே நிற்கிறவருக்கு ஓசை மட்டும்தான் போகும். வந்து பக்கத்தில் உட்கார்ந்தால்?

ஜான்சி எழுந்து கோயிலுக்குப் பின்னால் இருக்கும் குழாயடிக்குப் போனாள். பழத்தைக் கையில் எடுத்தாள். தேய்த்தால் இந்த ஒரு நாளைக்குக் கம்பி தாங்கும், அது அவளுக்குத் தெரியும். சாவது நாளைக்குத்தான். யாருக்கும் ஒன்றும் தெரியாது. அடுத்த வாரம் மறுபடி தேய்க்க வேண்டும், மறுபடி தகரம், பிறகு கீபோர்டு. இதைத்தான் பதினோரு வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறோம் என்று தோன்றியதும் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. பழத்தைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

பூசை தொடங்கியதும் ஏசுராஜ் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். தள்ளிப் போட இடமில்லை. சற்று நேரத்தில் கைக்குட்டையை எடுத்தார். ஜான்சி பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

நன்மை வழங்கி முடிந்தது. ஏசுராஜ் விரலை அசைத்தார். ஜான்சி வாசித்தாள்.

முதல் கம்பியிலிருந்து ஆறாவது கம்பி வரை ஒன்றுகூட வாய் மூடவில்லை. ஒவ்வொன்றும் சொல்ல வேண்டியதைச் சொல்லி, முடிவு வரைக்கும் நின்று, அடுத்ததற்கு வழி விட்டது. முழந்தாளில் நின்ற பெண்கள் கைக்குழந்தைகளை அடக்கினார்கள். வெளியே ஒலிபெருக்கிக்குக் கீழே கூட்டாளிகளோடு நின்ற ராபர்ட், எவனோ பேச வாயெடுக்க, அவன் தோளை அழுத்திப் பிடித்தான். சரணம் முடிந்தது. குரல்கள் சேர வேண்டிய இடத்தில் ஏசுராஜ் கை காட்ட மறந்துவிட்டார். ஜான்சியே ஒரு சுற்று மறுபடி வாசித்து அவர் முகத்தைப் பார்க்க, அப்புறம்தான் அவருக்குச் சுதாரிப்பு வந்தது.

தேர் புறப்பட்டு, கூட்டம் கலைந்த பிறகு ஏசுராஜ் வந்து நின்றார்.

"என்ன கம்பி ஜான்சி இது?"

"பாஸ்பர் வெங்கலம் சார்."

"நாலு நாள்ல போயிடுமா?"

"இனிமே போவாது. ஆனா ஒண்ணு சார். எங்கிட்ட கவுச்சி அடிக்கும். எலுமிச்ச போட்டுத் தேச்சா கவுச்சி போவும், கம்பியும் போவும். இத்தினி வருஷம் அதான் ஆச்சு. உங்களுக்கு எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

அவர் திகைத்துப் போனார். "எதுக்கு எலுமிச்சை?"

"மொத நாள் நீங்க நாக்காலியத் தள்ளிப் போட்டுக்கினீங்களே சார். கைக்குட்ட எடுத்தீங்க, ஃபேனைத் திருப்பினீங்க."

ஏசுராஜ் யோசித்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உண்மையாகவே யோசித்தார். "எப்போம்மா?" என்றார். அவருக்கு ஞாபகமே இல்லை.

ஜான்சி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனை செட் கம்பி, எத்தனை எலுமிச்சம்பழம். அவர் நடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். ஏசுராஜ் சங்கடத்தோடு கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"வாசனை வரத்தான் வந்துச்சு, இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றார். "பாட்டு ஆரம்பிச்சப்புறம் எனக்குத் தெரியல. அடுத்த ஞாயித்துக்கிழமையும் இதே கம்பியோட வா. கீபோர்டு அங்கேயே கெடக்கட்டும்."

வீட்டுக்கு வந்ததும் ராபர்ட் அவளுக்காக எடுத்து வைத்திருந்த வஞ்சிரத் துண்டுகளை ஜான்சி வறுத்தாள். தட்டில் போட்டு அவன் முன்னால் வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து பழத்தை எடுத்து இரண்டாக அரிந்து மீன்மேல் பிழிந்தாள். பதினோரு வருஷத்தில் அந்த வீட்டில் எலுமிச்சை மீனுக்குப் போனது அன்றைக்குத்தான்.